நோய் தீர்ந்த பின் ஒரு பழைய வண்டி

மருத்துவத்தின் உறுப்புகளை எண்ணப் புகுந்த வள்ளுவர், நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவன் என நான்காக வகுத்தார். அந்நான்கினுள்ளும் நோயுற்றவனை அவர் முதலில் வைத்தமை சிந்திக்கத்தக்கது. வைத்தியசாலையில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாள் வரையில் மருத்துவரும் தாதியரும் மருந்தும் நோயாளியின் பொருட்டு உழைக்கின்றனர். அதன் பின்பு மருத்துவர் மாதம் ஒரு முறை பார்ப்பதோடு நின்றுவிடுகிறார், மருந்தும் குறைகிறது, உறவினரும் தத்தம் அலுவல்களை நாடிச் செல்கின்றனர். நான்கினுள் மூன்று விலக, முதலாவதாக எண்ணப்பட்டவன் மட்டும் வீட்டு விறாந்தையில் தனித்து விடப்படுகிறான்.

பாரிசவாதத்திலிருந்து எழுந்தவர், இருதய சத்திர சிகிச்சை பெற்றவர், நீரிழிவினால் பாதத்தை இழந்தவர், புற்றுநோய்க்கு நெடுங்காலம் வைத்தியம் செய்து மீண்டவர் ஆகிய எல்லோருக்கும் இந்தத் தனிமை பொதுவானது. உடல் மெல்லத் தேறுகிறது. ஆயினும் நேற்று வரை குடும்பத்தைத் தாங்கிய கை, இன்று தேநீர்க் கோப்பையைக்கூடப் பிறர் கொடுக்கப் பெற்றுக்கொள்கிறது. ‘உங்களுக்கு ஏன் இந்த வேலை, இருங்கள்’ என்று அன்போடு சொல்லப்படும் வார்த்தையே நாளடைவில் அவரை ஒன்றுக்கும் உதவாதவர் என்று எண்ண வைத்துவிடுகிறது. இந்நிலையிலிருந்து மீள்வதற்குச் சிலர் கையாண்ட வழியொன்றை, அதாவது விலை மலிந்த பழைய மோட்டார் வண்டியொன்றை எடுத்துத் திருத்தியும் மாற்றியும் அமைக்கும் பொழுதுபோக்கை, நேயர்களுக்கு விளக்குவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

கைத்தொழில் ஒன்றினால் நோயாளி தேறுவான் என்னும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவில் ஜோர்ஜ் எட்வர்ட் பார்ட்டன் என்னும் கட்டடக் கலைஞர் காசநோயாலும் பின்னர் உடலின் இடப்பக்கத்தைப் பற்றிய வாதத்தாலும் வருந்தினார். தச்சு வேலையும் தோட்ட வேலையும் செய்து தம் கைகால்களைப் பழக்கித் தேறிய அவர், 1914ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலத்தின் கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் தம்மைப் போன்றோருக்காக ஓர் இல்லத்தைத் தொடங்கினார். 1917இல் அவ்வில்லத்திலேயே ஒரு சங்கமும் கூடியது. இன்று பெரிய வைத்தியசாலைகளில் காணப்படும் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவுகளின் வரலாற்றில் அச்சங்கத்துக்கு முக்கிய இடமுண்டு. பயன் தரும் ஒரு வேலையை, ஆற்றலுக்கேற்ற அளவில், நாள்தோறும் சிறிது கூட்டிச் செய்வதே இச்சிகிச்சையின் உட்கருத்து.

அவ்வாறாயின் கூடை முடையலாம், பூஞ்செடி வளர்க்கலாம்; மோட்டார் வண்டி எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். வண்டிக்குச் சில தனித் தகுதிகள் உண்டு. முதலாவது, அதில் எல்லா அளவிலும் வேலை இருக்கிறது. பிளக்கைக் கழற்றித் துடைப்பதற்குப் பத்து நிமிடம் போதும். ஆசனத்துக்கு உறை தைப்பதற்கு ஒரு கிழமை வேண்டும். துருப்பிடித்த தளத்தகட்டை வெட்டி மாற்றுவதற்கு ஒரு மாதம் செல்லும். நோயாளி தம் பலத்துக்கேற்ற துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, இயந்திரம் முகத்துக்காகப் பேசாது. கார்பரேட்டரைச் சரியாகப் பொருத்தினால் வண்டி இயங்கும். பிழையாகப் பொருத்தினால் இயங்காது. பரிதாபத்தினால் புகழப்பட்டுச் சலித்துப்போன நோயாளிக்கு இந்த நேர்மை பெரிய ஆறுதலாகும். மூன்றாவது, வேலை முடியும்போது அவரை வீட்டுக்கு வெளியே கொண்டு செல்லக்கூடிய பொருளொன்று அவர் கையில் இருக்கிறது.

இப்பொழுதுபோக்குக்குச் சிறிய, மலிவான, பழைய வண்டியே ஏற்றது. இவ்வகை வண்டிகளுள் புகழ் பெற்றது இங்கிலாந்தில் 1922 முதல் 1939 வரை செய்யப்பட்ட ‘ஒஸ்டின் செவன்’ ஆகும். ஹெர்பேட் ஒஸ்டின், ஸ்டான்லி எட்ஜ் என்ற பதினெட்டு வயது இளைஞனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, நடுத்தரக் குடும்பத்தினரும் வாங்கத்தக்கதாக இதனை வரைந்தார். ஏறக்குறைய 2,90,000 வண்டிகள் வெளிவந்தன. இதன் இயந்திரத்தின் கொள்ளளவு 747 கனசென்ரிமீற்றர் மட்டுமே. அமைப்பு எளிமையானதாகையால், சாதாரண சாவிகளையும் பொறுமையையும் கொண்டு ஒருவர் இதனை அக்கக்காகப் பிரித்து மறுபடி பூட்டிவிட இயன்றது.

நியூசிலாந்தின் ஒக்லண்ட் நகரில் 1937ஆம் ஆண்டில் பிறந்த புரூஸ் மக்லாரன் என்னும் சிறுவனின் வாழ்க்கையில் இவ்வண்டி நுழைந்த விதம் அறியத்தக்கது. அவனுடைய தந்தையார் அந்நகரின் ரெமுவேரா பகுதியில் பெற்றோல் நிலையமும் கராஜும் நடத்தி வந்தார். ஒன்பதாவது வயதில் சிறுவனின் இடது இடுப்பில் ‘பேர்த்தஸ் நோய்’ கண்டது. தொடை எலும்பின் பந்து போன்ற தலைக்குச் செல்லும் இரத்தம் குறைவதால் எலும்பு மெலிந்து நொறுங்குவதே அந்நோய். இரத்த ஓட்டம் மீண்ட பின் எலும்பு தானாகவே வளரும்; ஆனால் அதற்கு ஆண்டுகள் செல்லும். அதுவரை அதன்மேல் பாரம் படக்கூடாது என்பது அக்கால வைத்திய முறை. ஆகவே ஓடியாட வேண்டிய பருவத்தில், ஏறத்தாழ இரண்டு ஆண்டுக் காலம், ஊனமுற்ற சிறுவருக்கான வில்சன் இல்லத்தில் அவன் கால்கள் அசையாதவாறு பிணைக்கப்பட்டுக் கிடந்தான். எழுந்தபோது ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாக இருந்தது. நொண்டி நடக்கும் பழக்கம் வாழ்நாள் முழுவதும் நீங்கவில்லை.

காற்பந்தாட்டத்துக்கு இனி உதவாத காலோடு வீடு திரும்பிய மகன், தந்தையாரின் கராஜில் நின்று பழகினான். 1929ஆம் ஆண்டைச் சேர்ந்த ‘ஒஸ்டின் செவன் அல்ஸ்ரர்’ வண்டியொன்று பிரிந்த நிலையில் அங்கு வந்து சேர்ந்தது. தந்தையும் மகனும் அதனை ஒவ்வோர் உறுப்பாகத் தேடித் துடைத்துப் பூட்டினர். 1952இல், சாரதி அனுமதி பெறக்கூடிய பதினைந்து வயதை எட்டியபோது, அவ்வண்டியிலேயே முரிவாய் என்ற கடற்கரை ஊரில் நடந்த மலையேற்றப் போட்டியில் மக்லாரன் கலந்துகொண்டார். 1959இல், இருபத்திரண்டாவது வயதில், அமெரிக்காவின் கிராண்ட் பிறீ பந்தயத்தில் வென்றார். 1963இல் தம் பெயராலேயே ஒரு பந்தயக் குழுவை நிறுவினார். அக்குழு இன்றும் இருக்கிறது. அந்தச் சிறிய ஒஸ்டின் வண்டியும் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

இதிலிருந்து, நோயுற்றவர் யாவரும் பந்தயக்காரராக வேண்டும் என்று கொள்வது தவறு. 1970 ஜூன் 2ஆம் திகதி, இங்கிலாந்தின் குட்வூட் பந்தயச் சாலையில் புதிய வண்டியொன்றைப் பரீட்சித்துக்கொண்டிருந்தபோது, அதன் பின்பகுதி மேற்தகடு வேகத்தில் கழன்றதால் வண்டி நிலைகுலைந்து, மக்லாரன் முப்பத்திரண்டாவது வயதில் உயிரிழந்தார். வேகம் மருந்தாகாது. அவருடைய சிறு பருவம் கற்பிக்கும் பாடம் வேறு. எலும்பை அவரால் விரைவுபடுத்த முடியவில்லை. வைத்தியரும் காத்திருக்கவே செய்தார். வண்டியிலோ, அவர் தொட்ட ஒவ்வொன்றும் அவர் முயற்சிக்கேற்பப் பயன் தந்தது. உடலின் மீது அதிகாரம் இழந்தவருக்கு, தம் கை ஆளத்தக்க ஒரு சிறு உலகம் கிடைத்தது. இம்மட்டில் அந்தப் பழைய வண்டி ஒரு மருந்தே.

மேற்கூறியது வண்டியைத் திருத்தி மகிழ்தல். இதற்கு மேற்பட்ட படியொன்று உண்டு. அது வண்டியை உடலுக்கேற்ப மாற்றி அமைத்தல். பிராங்கிளின் ரூஸ்வெல்ற் 1921இல், முப்பத்தொன்பதாவது வயதில், இளம்பிள்ளைவாதம் எனக் கணிக்கப்பட்ட நோயினால் கால்களின் பலத்தை இழந்தார். நீர்ச் சிகிச்சைக்காக ஜோர்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூருக்குச் சென்று வந்த காலத்தில், ஒரு பழைய ‘ஃபோர்ட் மொடல் ரீ’ வண்டியை வாங்கி, உள்ளூர்த் தொழிலாளியின் துணையோடு கைகளாலேயே ஓட்டத்தக்கதாக மாற்றிக்கொண்டார். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி அளவில் செய்யப்பட்ட அவ்வண்டி அக்காலத்தின் ஏழைகளின் வண்டி. அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்பு ஏற்கெனவே சுக்கானின் கீழ்க் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. கால்மிதிகளை மட்டும் கைநெம்புகளோடு இணைத்தாற் போதுமாயிற்று. பிறர் தூக்கிச் சென்ற மனிதர் தாமாகவே கிராமந்தோறும் சென்று, வண்டியை நிறுத்திக் குடியானவரோடு உரையாடினார். அவர் நாட்டின் தலைவரானது 1933இல். ஆனால் தம் பயணத்துக்குத் தாமே தலைவரானது அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஆகும்.

இம்மாற்றத்தின் தத்துவம் பள்ளிக்கூடத்திற் கற்கும் நெம்புகோல் தத்துவமே. காலுக்கு உடலின் பாரம் துணை நிற்கிறது. கைக்கு அத்துணை இல்லை. ஆகவே கைநெம்பின் நீண்ட முனையைக் கை பற்ற, அதன் குறுகிய பகுதி பிரேக் மிதியைத் தள்ளுமாறு அமைக்கின்றனர். கை நான்கு அங்குலம் நகரும்போது மிதி ஓர் அங்குலம் நகருமாயின், உராய்வில் இழப்பது போக, கையின் விசை ஏறத்தாழ நான்கு மடங்காக மிதியைச் சேரும். முன்னே தள்ளினால் பிரேக், பின்னே இழுத்தால் வேகம் என்பது பரவலான ஒழுங்கு. சடுதியாக வண்டியை நிறுத்த நேரும்போது உடல் முன்னே சாய்கிறது. அச்சாய்வு வேகத்தைக் கூட்டாமல் பிரேக்கையே அழுத்தும். எல்லோருக்கும் இவ்வளவு வேலை தேவைப்படாது. இடது காலை மட்டும் இழந்தவருக்குக் கிளச் இல்லாத, தானாகக் கியர் மாறும் சிறிய வண்டி மாற்றமின்றியே உதவும். வலது காலை இழந்தவருக்கு வேக மிதியை இடப்புறம் கொண்டுவரும் இணைப்பு உண்டு. ஒரு கை மட்டும் பலமுள்ளவருக்குச் சுக்கானில் பொருத்தும் குமிழ் துணையாகும்.

நம் நாட்டில் இளம்பிள்ளைவாதம் கடைசியாகக் காணப்பட்டது 1993இல். 2014இல் தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் அந்நோய் நீங்கியதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆயினும் போரும் நீரிழிவும் பாரிசவாதமும் கால்களைப் பறித்த வீடுகள் பல. திருகோணமலை மாவட்டத்தின் நில அமைப்பை எண்ணிப் பார்த்தால் அவர்களுடைய இடர் விளங்கும். குடாவும் கழிமுகமும் ஊர்களைப் பிரித்து நிற்கின்றன. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, கிண்ணியாவிலிருந்து நகருக்கு வருவோர் துறையில் இறங்கி ஏற வேண்டியிருந்தது. இன்று பாலமும் தெருவும் உள்ளன. ஆனால் பஸ்ஸின் முதற்படியில் காலெடுத்து வைக்க முடியாதவருக்குத் தெரு இருந்தும் இல்லாததே. மூதூரிலோ தம்பலகாமத்திலோ இருந்து கிளினிக்குக்கு வரவேண்டிய அவர், ஒவ்வொரு தடவையும் முச்சக்கர வண்டியையும் துணைக்கு ஓர் உறவினரையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். அத்தகையவர் வீட்டு முற்றத்தில் மாற்றி அமைக்கப்பட்ட சிறிய வண்டியொன்று நின்றால், வாழ்க்கையின் எல்லையே விரிந்துவிடும்.

இத்தகைய வேலைக்கான கைத்திறன் நம்மிடம் உண்டா என்ற ஐயம் எழலாம். அதற்கு வடபுலத்தின் அனுபவமே விடை. 1990க்குப் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டபோது, அங்குள்ள ஒஸ்டின் ஏ-40, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் முதலிய பழைய வண்டிகளை மக்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினர். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே சிறு போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலைக் கார்பரேட்டரில் விட்டு இயந்திரத்தை எழுப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். புதிய இயந்திரங்கள் இதனைத் தாங்குவதில்லை. பழைய வண்டிகள் பல காற்றுக் கலவையை ஏறக்குறைய ஏழு மடங்குக்கே அழுத்துபவையாதலால், தரங்குறைந்த எரிபொருளையும் ஒருவாறு சகித்துக்கொண்டன. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யுமாகையால் அதனை அடிக்கடி மாற்ற வேண்டியும் இருந்தது. நூலில் படித்தறியாத இவ்வறிவைக் கராஜுகளிலும் வீட்டு முற்றங்களிலும் நம்மவர் தாமே தேடிக்கொண்டனர். 2020 முதல் 2025 தொடக்கம் வரை தனியார் கார்களின் இறக்குமதி தடுக்கப்பட்டிருந்த காலத்திலும், பழையதைத் திருத்திப் பேணும் இத்திறனே நாட்டின் பல வண்டிகளை ஓட வைத்தது.

திருகோணமலையிலும் இத்திறனுக்குக் குறைவில்லை. 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளிக்கும் வரை, இரும்பும் நீராவியும் எண்ணெயும் அறிந்த தொழிலாளரை ஈர்த்துக்கொண்ட துறைமுகம் இது. ஆனால் இவ்வூரின் உப்புக் காற்று பழைய வண்டிக்குப் பகை. இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் வேண்டும். நீரில் உப்புக் கரைந்தால் மின் கடத்தும் தன்மை கூடுவதால் துரு பன்மடங்கு விரைவாகப் பரவுகிறது. எனவே உவர்மலையிலோ நிலாவெளியிலோ வண்டி வைத்திருப்பவரின் முதல் மாற்றம் இயந்திரத்திலன்று, தளத்தகட்டிலேயே தொடங்க வேண்டும். கிழமைக்கொருமுறை வண்டியின் அடிப்புறத்தை நன்னீரால் கழுவுதல், துருவைச் சுரண்டி நாகம் கலந்த அடிப்பூச்சு இடுதல், கதவுகளின் உட்புறத்தில் மெழுகெண்ணெய் தெளித்தல் ஆகியவை ஆசனத்தில் அமர்ந்தபடியே பெரும்பாலும் செய்யத்தக்க, தேறுபவருக்கு உகந்த வேலைகள்.

இனி எச்சரிக்கைகள். பழைய வண்டியில் நஞ்சும் உண்டு. பழைய பூச்சுகளில் ஈயம் இருந்தது. உலர்ந்த நிலையில் அதனைத் தேய்த்துப் பறக்கும் தூளைச் சுவாசித்தலாகாது, நீரிட்டு நனைத்தே தேய்க்க வேண்டும். பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் உண்டு. அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. பெற்றோலில் உள்ள பென்சீன் இரத்தத்தை உற்பத்தி செய்யும் எலும்பு மச்சையைத் தாக்கவல்லது. புற்றுநோய்க்கு வைத்தியம் பெற்றவர் அதனைக் கையால் தொட்டு உறுப்புகளைக் கழுவக் கூடாது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவருக்குச் சிறு கீறலும் தொல்லை தரும். தடித்த கையுறை அவசியம். இருதயத்தில் மின்கருவி பொருத்தப்பட்டவர் மின்னொட்டு வேலையிலும், இயங்கும் இயந்திரத்தின் மின்பொறிக் கம்பிகளிலும் கை வைத்தலாகாது. மூடிய கொட்டகைக்குள் இயந்திரத்தை ஓடவிட்டால் மணமற்ற காபனோரொட்சைட்டு வாயு உயிரைக் குடிக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ் எவரும் புகலாகாது. உறுதியான தாங்கிகள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, களைப்பு வருமுன்னே வேலையை நிறுத்தும் பழக்கம் வேண்டும். இன்று முடியாத திருகாணி நாளையும் அங்கேயே இருக்கும்.

தெருவில் பிறரும் செல்கின்றனர் என்பதையும் மறத்தலாகாது. கையினால் இயங்கும் பிரேக் அமைப்பை வீட்டில் விளையாட்டாகச் செய்து பார்ப்பது பொருந்தாது. தேர்ந்த தொழிலாளி செய்து, பிறிதொருவர் பரிசோதிக்க வேண்டும். இயந்திரம் நின்றுபோனாலும் கையால் வண்டியை நிறுத்த முடிகிறதா என்று வெளியான இடத்தில் பலமுறை பார்க்க வேண்டும். வண்டியில் செய்யும் மாற்றங்களுக்கு மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதிகளும், சாரதிக்குத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றும் உண்டு. வலிப்பு, மயக்கம், இருதய அடைப்பு ஆகியவற்றுக்குப் பின் எப்போது ஓட்டலாம் என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். அவர் ‘வேண்டாம்’ என்று சொன்னால், வண்டியைத் திருத்துவதில் உள்ள மகிழ்ச்சி அதனால் குறைந்துவிடாது. சுக்கானை மட்டும் மகனிடமோ மகளிடமோ கொடுத்துவிடலாம்.

வீட்டாருக்கும் இதிலே ஒரு கடமை உண்டு. தேறி வருபவர் எண்ணெய்க் கறையோடு முற்றத்தில் இருப்பதைக் கண்டு, அவர் கையிலிருக்கும் சாவியைப் பறித்துத் தாமே வேலையை முடித்துக் கொடுப்பது உதவியாகாது. வேண்டிய பொருளை எட்டும் இடத்தில் வைத்து, பாரமானதைத் தூக்கிக் கொடுத்து, மற்றவற்றைக் காத்திருந்து பார்ப்பதே உதவி. வள்ளுவர் நான்காவதாகச் சொன்ன, அருகிருந்து பணிவிடை செய்பவனின் வேலை நோய் தீர்ந்த பின் இவ்வாறு மாறுகிறது. பிள்ளைகளும் அருகில் நின்று கற்பார்கள். கற்பிக்கும்போது நோயாளி மறுபடி குடும்பத்தின் மூத்தவராகிறார். மாதங்கள் பல சென்று ஒரு காலைப் பொழுதில் அந்தப் பழைய இயந்திரம் இருமி எழுந்து சீராக ஓடத் தொடங்குமாயின், கோணேசர் மலைக்கோ கன்னியாவுக்கோ அவர் செல்லும் முதற் பயணம் சில மைல் தூரமே இருக்கலாம். அந்தச் சில மைல்களைப் பிறர் கொண்டு செல்லாமல் தாமே சென்றார் என்பதில்தான் அவர் பட்ட பாட்டின் பயன் அடங்கியிருக்கிறது.